விரலுக்கேத்த வீக்கம், வண்டிக்கேத்த வீல்!



மலரில் உள்ள கவிதை, துணுக்கு, ஜோக் எல்லாம் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். இங்கே கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றே நாம் தெருவுக்கு இன்ஜினீயர் ஆகிவிடுகிறோம். மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா, சிவிலா என்று யாரும் பார்ப்பதில்லை. மிக்சி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், கார் வாங்கினாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி அடிக்கடி வரும் கேள்வி இது: "தம்பி, வண்டிக்கு அலாய் வீல் போடலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும், நீயே சொல்லு."

நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் என்ன? "பதினாறு இஞ்ச் போடுங்க மாமா, சும்மா கெத்தா இருக்கும்!" அவ்வளவுதான். மாமாவும் சந்தோஷப்படுவார். டயர் கடை அண்ணனும் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த வண்டியில் மாமா மட்டுமா போகிறார்? அத்தை போகிறார், பிள்ளைகள் போகிறார்கள், பின் சீட்டில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். அந்த ஐந்து பேரின் உயிரும் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள நான்கு நட்டை நம்பி ரோட்டில் போகிறது. ஆகவே, "எந்த டிசைன் நல்லா இருக்கும்?" என்ற கேள்விக்கு டிப்ளமோ படித்தவன் அழகை வைத்துப் பதில் சொல்லக் கூடாது, அளவை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

உடனே "இவன் அலாய் வீலுக்கு எதிரி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கணக்குப் போடாமல் ஆசைப்படுவதுதான் தப்பு.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு எக்சைஸ் வரியைக் குறைத்தார்கள். அதன் பிறகுதான் டிக்கியை நறுக்கிய குட்டி செடான்கள் நம் ஊரில் பெருகின. 2008-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையர், 2012-இல் 3,995 மி.மீ. நீளத்துக்குள் சுருக்கப்பட்டது. இன்று வாடகை ஸ்டாண்டிலும் சரி, வீட்டு வாசலிலும் சரி, திரும்பின பக்கமெல்லாம் அதுதான். நாளைக்கு நம் கைக்கு வேலைக்கு வரப்போவதும் அதுதான். ஆகவே அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதல் கணக்கு: உயரம்

2017-க்குப் பிறகு வந்த டிசையரில் கீழ் மாடல்களுக்குக் கம்பெனி கொடுக்கும் டயர் 165/80 ஆர்14. மேல் மாடலுக்கு 185/65 ஆர்15. இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் எண் டயரின் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம், இஞ்ச் கணக்கில்.

165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 264. ரிம் 14 இஞ்ச் என்றால் 355.6 மி.மீ. கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 619.6 மி.மீ. இதே மாதிரி 185/65 ஆர்15-க்குப் போட்டுப் பாருங்கள். 621.5 வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை! ரிம் பெரிதானால் டயர் சுவர் குறைய வேண்டும், மொத்த உயரம் மாறக் கூடாது என்பதுதான் கம்பெனிக்காரன் பிடித்து வைத்திருக்கும் சூத்திரம்.

16 இஞ்ச் ஆசை இருந்தால் 195/55 ஆர்16 போட்டுப் பாருங்கள். 620.9 வருகிறது. கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் கடையில் கையில் இருக்கிறது என்பதற்காக 205/65 ஆர்15 மாட்டினால் 647.5. நாலரை சதவீதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் முன்னைவிடக் குறைத்துக் காட்டும். அது 80 காட்டும்போது முன்பு இருந்ததைவிட நாலரை சதவீதம் அதிக வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும். இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டு லைனரில் டயர் உரசும். வித்தியாசம் இரண்டு, மூன்று சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள விதி. கால்குலேட்டர் வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும்.

ஒரு விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். 14 இஞ்ச்சில் 132 மி.மீ. இருந்த பக்கச்சுவர், 16 இஞ்ச்சில் 107 மி.மீ. ஆகிவிடுகிறது. 25 மி.மீ. ரப்பர் மெத்தை போய்விட்டது. நம் ஊர் ரோட்டில் பெயின்ட் அடிக்காத வேகத்தடை எத்தனை, மழைக்குப் பிறகு முளைக்கும் பள்ளம் எத்தனை! அந்த அடியை இனிமேல் வாங்கப்போவது ரிம்மும் லோயர் ஆர்மும்தான். வளைவில் வண்டி நன்றாக நிற்கும், உண்மை. ஆனால் பாட்டிக்கு முதுகு வலிக்கும், அதுவும் உண்மை.

இரண்டாவது கணக்கு: துளை

"நாலு போல்ட்டுதானே, எல்லாம் ஒண்ணுதான்." இதைச் சொல்லாத கடையே கிடையாது. எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை பி.சி.டி. என்கிறோம். டிசையருக்கு அது 100 மி.மீ. ஹூண்டாயின் சின்ன கார்கள் பலவற்றுக்கும், ஹோண்டா அமேஸுக்கும் அதே 100 தான். ஆக, வீல் உள்ளே போகும். போனால் போதுமா?

நடுத்துளையைப் பாருங்கள். டிசையரின் ஹப்புக்கு 54.1 மி.மீ. அமேஸுக்கு 56.1. வெளியில் விற்கும் அலாய் வீல்களில் பலவற்றின் நடுத்துளை 73.1 மி.மீ. எல்லா வண்டிக்கும் மாட்டும்படி பெரிதாகக் கடைந்து வைத்திருப்பார்கள். 54.1 ஹப்பில் 73.1 துளை என்றால் சுற்றிலும் 9.5 மி.மீ. காலி இடம். வீலை நடுவில் கொண்டுவந்து நிறுத்த ஹப்பால் முடியாது. நட்டின் கூம்பு மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒரு நட்டை முதலில் முழுக்க இறுக்கிவிட்டால் வீல் மையம் தப்பி உட்காரும். பேலன்சிங் மெஷினில் சரியாகக் காட்டிய வீல், வண்டியில் 80 தாண்டினால் ஸ்டியரிங்கை உதற வைக்கும். "அலைன்மென்ட் பாருங்க, பேலன்சிங் பாருங்க" என்று வண்டிக்காரர் கடை கடையாக அலைவார். வியாதி வேறு இடத்தில் இருக்கும். இதற்கு மருந்து, உள்ளே 54.1, வெளியே 73.1 அளவுள்ள ஹப் ரிங். அலாய் வீலின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது நட்டு. டிசையருக்கு எம்12, பிட்ச் 1.25. ஹூண்டாய்க்கும் ஹோண்டாவுக்கும் எம்12, பிட்ச் 1.5. கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று கையால் போகும், பிறகு பிடிக்கும். அந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும். கன் வைத்து "டர்ர்ர்" என்று ஏற்றினால் மரை தேய்ந்து போகும், ஸ்டட் போச்சு! குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது நாம் படித்த கணக்கு. 12 மி.மீ.யை 1.25-ஆல் வகுத்தால் 9.6. ஆக, கையால் திருகும்போது ஏறக்குறைய பத்து சுற்று ஏற வேண்டும். எண்ணிப் பார்ப்பதற்குப் பரீட்சை எழுத வேண்டியதில்லை.

நட்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நட்டு வேண்டும். ஹோண்டா தன் வீலுக்குக் கொடுப்பது உருண்டை அடிப்பாகம் கொண்ட நட்டு. உருண்டையைக் கூம்பில் வைத்தால் ஒரு கோட்டில் மட்டும் தொடும். ஓட ஓட அந்த இடம் நசுங்கும், இறுக்கம் தளரும்.

இன்னொரு ஆபத்து, 98 பி.சி.டி. வீலை 100 ஹப்பில் "தட்டி உட்கார வைப்பது". மொத்த வித்தியாசம் 2 மி.மீ., ஒரு துளைக்கு 1 மி.மீ. தானே என்பார்கள். அந்த 1 மி.மீ.க்கு ஸ்டட் வளைந்து கொடுக்கிறது. வளைந்த ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ஒரு இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் என்ன ஆகும்? மெட்டீரியல் லேபில் பார்த்திருக்கிறோமே, ஃபட்டீக்! முறியும் நாளை அது முன்கூட்டியே சொல்லிவிட்டு முறியாது.

மூன்றாவது கணக்கு: ஆஃப்செட்

கடைக்காரரும் சொல்லமாட்டார், வாங்குபவரும் கேட்கமாட்டார். ஆனால் வண்டியைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான். ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். வீலின் பின்பக்கம் ஈ.டி. என்று போட்டு ஒரு எண் இருக்கும்.

பழைய ரிம் 5.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 7 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 35 வாங்குகிறோம். அகலத்தின் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்கம், கூட்டினால் உள்பக்கம். பழையதில் பாதி அகலம் 69.85. வெளியே 24.85, உள்ளே 114.85. புதியதில் பாதி அகலம் 88.9. வெளியே 53.9, உள்ளே 123.9. அதாவது ரிம் விளிம்பு வெளிப்பக்கம் 29 மி.மீ. தள்ளி வருகிறது, உள்பக்கமும் 9 மி.மீ. ஸ்ட்ரட்டை நோக்கிப் போகிறது. காலி வண்டியில் பார்த்தால் "ஆகா, அகலமா நிக்குது" என்று இருக்கும். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமான் வைத்து, ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும்.

6 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 42 எடுத்திருந்தால்? வெளியே 9 மி.மீ.க்குச் சற்று மேல், உள்ளே 3 மி.மீ.க்குச் சற்று மேல். இரண்டும் அடங்கிப் போகும். இதைத்தான் நம் பெரியவர்கள் விரலுக்கேத்த வீக்கம் என்றார்கள்!

நடுக்கோடு வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் திருகு விசை கூடும். முன் சக்கரத்தில் ஸ்கிரப் ரேடியஸ் மாறும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலிலோ தண்ணீரிலோ இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஆஃப்செட் சரியில்லாத வீலுக்கு ஸ்பேசர் வைத்துச் சரி பண்ணலாம் என்பதும் ஒரு வைத்தியம்தான். ஆனால் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நட்டுக்குள் மரை குறையும் என்பதை மறந்தால் அது வைத்தியமே வியாதி ஆன கதை.

நான்காவது கணக்கு: பாரம், உலோகம், முத்திரை

டயரின் பக்கத்தில் 85டி, 88எச் என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210 கி.மீ. வரை. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. வீலின் பின்னாலும் அதிகபட்ச பாரம் வார்ப்பிலேயே பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத வீலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

அலாய் என்றால் என்ன அலாய்? பெரும்பாலும் ஏ356 என்ற அலுமினியம். சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம். வார்த்த பிறகு சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, மறுபடி குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். டி6 ட்ரீட்மென்ட் என்று பெயர். அந்த உலோகத்தின் பலம் பாதி இதிலிருந்துதான் வருகிறது. இப்போது சொல்லுங்கள், வளைந்த அலாயை கேஸ் டார்ச்சால் காய்ச்சித் தட்டி நிமிர்த்தினால் அந்த ட்ரீட்மென்ட் என்ன ஆகும்? வெள்ளிப் பெயின்ட் அடித்தால் பளபளப்பு திரும்பி வரும், பலம் திரும்பி வராது. புதுப்பேட்டையாகட்டும், நம் ஊர் பழைய சாமான் கடையாகட்டும், பழைய அலாய் வாங்கப் போனால் உள்பக்க விளிம்பைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் தடம், மேடு பள்ளம் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

"அலாய் லேசு, மைலேஜ் கூடும்" என்பதும் பாதி உண்மைதான். ஒரே அளவில் நன்றாகச் செய்த அலாய் லேசாக இருக்கலாம். 14 இஞ்ச் இரும்பைக் கழற்றிவிட்டு 16 இஞ்ச் வார்ப்பு அலாய் போட்டால் எடை கூடவும் கூடும். தராசில் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். இரும்பு ரிம் அடிபட்டால் வளையும், தட்டி எடுக்கலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். நாள் முழுக்க கிராமத்து ரோட்டில் ஓடும் வாடகை வண்டிக்கு இரும்பு டிஸ்க் வீலைவிட நல்லது இல்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வீலில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள். இவை ஜப்பானியத் தரம். வளைத்துச் சுழற்றும் சோதனை, பாரம் வைத்து டிரம்மில் உருட்டும் சோதனை, 13 டிகிரி சாய்வில் எடையைப் போட்டு இடிக்கும் சோதனை மூன்றிலும் தேற வேண்டும். நம் நாட்டில் அலாய் வீலுக்கு ஏ.ஐ.எஸ்.-073 என்ற தரம் இருக்கிறது. முத்திரையும் தயாரிப்பாளர் பெயரும் பில்லும் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் மதிப்பு. முத்திரையை மட்டும் அச்சில் போடுவது பெரிய வித்தையல்ல.

கடைசிக் கணக்கு: இறுக்குவது

எல்லாம் சரியாக வாங்கிவிட்டோம். மாட்டுவது யார்? கன் பிடித்திருக்கும் பையன். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எம்12 ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தால் ஏறக்குறைய 42 கிலோ நியூட்டன் அழுத்தம் கிடைக்கிறது, அதாவது ஒரு ஸ்டட்டுக்குச் சுமார் நான்கு டன் பிடி. வீல் ஹப்பில் நிற்பது இந்தப் பிடியால் வரும் உராய்வில்தான். மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே டார்க் கொடுத்தால் ஸ்டட் இழுபடும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். ஆகவே மரை சுத்தமாக, காய்ந்ததாக இருக்கட்டும். ஹப் முகத்தின் துருவைச் சுரண்டுங்கள். குறுக்கு எதிராக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். எத்தனை டார்க் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை பாருங்கள். ஸ்டெப்னி இரும்பு வீல் என்றால் அதற்குப் பொருந்தும் நட்டு டிக்கியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடு ராத்திரியில் பஞ்சர் ஆன பிறகு தேடக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. ஆகவே கையேட்டில் உள்ள அளவுக்குள் நிற்பது எல்லோருக்கும் நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். க்ளெய்ம் நேரத்தில் வாய்ப்பேச்சு உதவாது.

சரி, மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? என் பதில் இதுதான்: "அதே வண்டியோட மேல் மாடலுக்குக் கம்பெனி போடுற 15 இஞ்ச் அலாயையும் 185/65 டயரையும் முதல்ல பாருங்க மாமா. நடுத்துளை, ஆஃப்செட், பாரம் எல்லாம் அவன் பார்த்து வச்சிருக்கான். அதுக்கு மேல ஆசை இருந்தா, ஞாயித்துக்கிழமை நான் வெர்னியரோட வர்றேன், சேர்ந்து போவோம்." இதில் கெத்துக்கும் குறைவில்லை, படிப்புக்கும் மரியாதை.

நண்பர்களே, காம்பர், காஸ்டர் என்றால் என்ன என்று எழுதி மார்க் வாங்குகிறோம். சந்தோஷம். ஆனால் நாளை சர்வீஸ் சென்டரிலோ, சொந்தக் கடையிலோ நாம் நிற்கும்போது வண்டிக்காரர் நம் மார்க் ஷீட்டைப் பார்க்கமாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். "நீங்க சொன்னா சரிங்க" என்பார். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இருக்க வேண்டாமா?

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் ஒதுக்குகிற நிதியில் ஒரு துளியை ஒதுக்கி, ஒரு நல்ல டார்க் ரெஞ்ச், ஒரு வெர்னியர், ஒரு டயர் பிரஷர் கேஜ் வாங்குவோம். ஆசிரியர்களின் வழிகாட்டுதலோடு வருஷத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரி வாசலில் இலவச வீல் பரிசோதனை முகாம் நடத்துவோம். பக்கத்து ஸ்டாண்ட் டாக்சி அண்ணன்மார்கள் வரட்டும். நட்டு, டயர், முத்திரை, காற்று ஆகியவற்றைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். தளர்ந்த ஒரே ஒரு நட்டை நாம் கண்டுபிடித்தாலும் போதும், அந்த ஆண்டு நாம் படித்த படிப்புக்கு அதுவே பலன்.

அளப்போம், பிறகு மாட்டுவோம்!



— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு